கடைசி ஓவர் போட்டவர்

செயலாளரே, நீங்கள் கல்லில் பொய் வெட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஆரணி கோட்டை மைதானத்தில் நம் கிளப் புதிதாகக் கட்டிய கேலரியின் பக்கச் சுவரில் அந்தக் கருங்கல் இருக்கிறது. மஞ்சள் துணி போட்டு மூடியிருக்கிறீர்கள். வரும் ஞாயிறு டோர்னமென்ட் ஃபைனல் முடிந்ததும் துணியை இழுப்பார்கள், கை தட்டுவார்கள், கேசரி கொடுப்பார்கள். நான் போன வாரமே துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். வாட்ச்மேன் வேண்டாம் என்றார். கேட்கவில்லை. அதிக ரன் எடுத்தவர், அதிக விக்கெட் எடுத்தவர், சிறந்த விக்கெட் கீப்பர், கேப்டன்கள், நன்கொடையாளர்கள். அதிக விக்கெட் எடுத்தவர் நீங்கள். விக்கெட் கீப்பர் நான். என் பெயரைப் போட்டுவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்தீர்கள் போல.

ஒருவர் அதில் இல்லை. யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேரில் பார்த்தால் உங்களை டா போட்டுத்தான் பேசுவேன். இது அச்சில் வருகிறது என்பதால் மரியாதை. அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் விட்ட பெயரை நான் எழுதிவிட்டால் உங்கள் வேலை சுலபமாகிவிடும். அது நடக்காது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் அப்போது பஜாரில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். எங்கள் எல்லோருக்கும் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணன். குள்ளம். முன்தலை முழுக்க வழுக்கை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். அந்தச் சீப்புக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், "பின்னாடி இருக்குதில்ல, அத யாரு பாத்துக்கறது" என்பார்.

நாங்கள் ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட். மேட்ச் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. பட்டுக்கடைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். ஆகவே அவரால் முழு ஆட்டத்துக்கு வர முடியாது. எங்கள் கேப்டன் என்ன செய்வார் தெரியுமா? டாஸ் போடும்போது பதினோராவது பெயராக அவர் பெயரைக் கொடுத்துவிட்டு, பத்துப் பேரை வைத்துக்கொண்டே ஆடுவார். டாஸ் ஜெயித்தால் பேட்டிங்தான், யோசனையே கிடையாது. அப்புறம் ஃபீல்டிங்கில் பத்துப் பேர் ஓடி ஓடி நாக்குத் தள்ளுவோம். தேர்டு மேனில் ஆள் இருக்காது. அந்தப் பக்கம் போன பந்தெல்லாம் நாலு. இவ்வளவு நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு இடம் வைத்திருந்தோம் என்றால், அவர் என்ன ஆள் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆட்டம் இறுக ஆரம்பித்ததும் வேடிக்கை பார்க்க வரும் ஒரு பையன் மைதானத்துக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடுவான். கடைக்குப் போன் போடுவான். முதலாளிதான் எடுப்பார்.

"மெரூன்ல அரக்கு பார்டர் வந்துச்சிங்களா?"

இதுதான் சங்கேதம். ஆட்டம் முடியப் போகிறது, ஆளை அனுப்புங்கள் என்று பொருள். முதலாளிக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் ஒருநாளும் வைய மாட்டார். "வந்துகினு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார். அண்ணனிடம் திரும்பி, "போய்ட்டு ஜல்தி வந்துடு. அந்த வேலூர் பார்ட்டி எழுந்துகினாங்கன்னா நான் இன்னா பண்றது" என்பார்.

முதலாளி விட்டதற்குக் காரணம் இருக்கிறது. கடையிலும் அண்ணனுக்கு அதே வேலைதான். ஒரு கல்யாணப் பார்ட்டி வந்து உட்காரும். ஒரு சேல்ஸ்மேன் புடவையாக விரித்துக் கொட்டுவான். இரண்டு மணி நேரம் ஓடும். மலை மாதிரி குவியும். பெண்ணின் அத்தை, "காஞ்சிபுரத்துல பாத்துக்கலாம் வா" என்று சொல்ல வாயெடுப்பாள். அப்போது முதலாளி கனைப்பார். அண்ணன் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்து, அந்தக் குவியலிலிருந்தே ஒரு புடவையை உருவித் தன் தோளில் போட்டுக் காட்டுவார். புதுப் புடவை இல்லை. ஏற்கெனவே அவர்கள் வேண்டாம் என்று தள்ளியதுதான். அதையே வாங்கிக்கொண்டு போவார்கள்.

எப்படி என்று கேட்டேன். "கால் பெருவிரல பாருப்பா" என்றார். பட்டுக்கடையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெள்ளை விரிப்பில்தானே உட்காருவார்கள்? எழுந்து போக மனசு வந்துவிட்டால் பெருவிரல் வாசல் பக்கம் திரும்பிவிடுமாம். "எந்தப் புடவைய விரிக்கும்போது அந்த விரல் ஆடாம நின்னுச்சோ, அதுதான் அவங்க எடுக்கப் போறது. நம்மாளு பொடவையையே பாத்துகினு இருப்பான். எனக்கு விரல் போதும்."

ஆனால் பில்லில் யார் பெயர் வரும்? முதல் புடவை விரித்தவன் பெயர். அந்தக் கடையில் அதுதான் வழக்கம்.

மைதானத்துக்கு அவர் வந்து இறங்கும் அழகே தனி. கடை பேன்ட், கடை சட்டை, வெறுங்கால். பேன்ட்டை முட்டிக்குக் கீழே வரை மடித்து விட்டுக்கொண்டு நேராக பிட்ச்சுக்கு வருவார். யார் அவுட், யார் ஸ்கோர் அடித்தார்கள், எதுவும் கேட்க மாட்டார். ஒரே கேள்விதான்.

"எத்தினி வேணுமாம் அவங்களுக்கு?"

சொல்லுவோம். தலையாட்டுவார். ஓடி வருவார் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட வருகிறவர் மாதிரி நாலு எட்டு வைப்பார். பந்து மெதுவாக வரும். வந்து சரியாக பேட்ஸ்மேனின் கால் விரலுக்கும் ஸ்டம்புக்கும் நடுவில் விழும். அடிக்க முடியாது. அவ்வளவுதான் அவர் பௌலிங். விக்கெட் எடுக்க மாட்டார். ரன் கொடுக்க மாட்டார். ஓவர் முடியும், மேட்ச் முடியும், மடித்த பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். நாங்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும்போது அவர் யாருக்காவது அரக்கு பார்டர் காட்டிக்கொண்டிருப்பார். எங்கள் கிளப் போட்டோ ஒன்றில்கூட அவர் இல்லாததற்கு இதுதான் காரணம்.

எல்லாவற்றிலுமே அவர் கடைசி ஆள். கல்யாணத்தில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். "சமையல்காரன் அண்டாவ காலி பண்ணியாகணும்ல. இலைக்கு மூணு வடை வெப்பான்." சினிமாவுக்கு இடைவேளைக்குப் பிறகுதான் வருவார். கடையை விட்டு வருவதற்குள் அவ்வளவு நேரமாகிவிடும். கதவில் நிற்பவர் டிக்கெட் கேட்க மாட்டார். முதல் பாதியை நான் இருட்டில் கிசுகிசுப்பாகச் சொல்ல வேண்டும். பாதி சொல்லும்போதே, "போதும் விடு, அவன்தான் கொலகாரன்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு அந்தப் படம் அதோடு போச்சு.

பெரணமல்லூர் மேட்சை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வைகாசி முகூர்த்த சமயம், கடையில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்குப் போன் போனபோது அண்ணன் செய்யாறு பார்ட்டி ஒன்றுக்குப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மெரூன் உடல், அரக்கு பார்டர், சத்தியமாக அதே நிறம். முதலாளி கண்ணைக் காட்டினார். இவர் அப்படியே எழுந்து வந்துவிட்டார். தோளில் புடவை இருப்பது அவருக்கு நினைவே இல்லை.

மைதானத்துக்குள் ஒரு வழுக்கைத் தலை ஆள் கல்யாணப் புடவையோடு நடந்து வருகிறார். பெரணமல்லூர்க்காரர்கள் சும்மா விடுவார்களா?

"இன்னாப்பா, ஜவுளிக்கடைலேர்ந்து ஆள் எறக்கிகினு வர்றீங்க."

"அண்ணாத்த, ஓவர் போடுவீங்களா, மீட்டர் போடுவீங்களா?"

"மச்சான், பொண்ண எங்க காணோம்?"

அப்போதுதான் அவர் தோளைப் பார்த்தார். கொஞ்சமும் பதறவில்லை. பௌலர்கள் தொப்பியைக் கழற்றி அம்பயரிடம் கொடுப்பார்களே, அது மாதிரி புடவையை நாலாக மடித்து அம்பயரின் இடது கையில் தொங்கப் போட்டார். "கீழ வெச்சிடாதீங்க சார், ஜரிகை" என்றார். அம்பயர் ஒரு டிரில் மாஸ்டர். ஊரையே விரட்டுகிற மனிதர். பிறந்த குழந்தையை வாங்கியவர் மாதிரி அசையாமல் நின்றார்.

கடைசி ஓவரில் நாலு பந்து போட்டாகிவிட்டது. அவர்கள் கையில் ஒரே விக்கெட். கடைசி இரண்டு பந்தில் மூன்று ரன் வேண்டும். அடிக்க நிற்பவன் போலீஸ் வேலைக்கு உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்தவன், ஆறடி. அண்ணன் பந்தை வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பிறகு ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு தடவை சீப்பைத் தொட்டுக்கொண்டார். இவன் இறங்கி வருவான், பந்து வெளியே வரும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நாலு எட்டு வைத்தார். அவன் இறங்கி வந்து விளாசப் பார்த்தான். பந்து அவனுக்கு எட்டாத தூரத்தில் வெளியே போனது. நான் பிடித்தேன். ஸ்டம்பைத் தட்டினேன்.

அவுட். ஆட்டம் முடிந்தது. அப்படித்தான் நினைத்தோம்.

அம்பயர் வைட் கொடுக்க வேண்டும். வைட் பந்தில் ஸ்டம்பிங் உண்டு, அவன் அவுட். ஆனால் வைடுக்கு இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அவர் இடது கையில் புடவை. அவர் வலது கையை மட்டும் நீட்டினார். ஒரு கையை நீட்டினால் அது நோ பால். நோ பாலில் ஸ்டம்பிங் கிடையாது. பெரணமல்லூர் கும்பல் முழுவதும் உள்ளே வந்துவிட்டது.

"நோ பாலு. ஒரு கைதான் நீட்டினாரு. ஊரே பாத்துச்சி."

"சார் கைல பொடவ இருக்குதுடா, எப்படி நீட்டுவாரு?"

"அது உங்க பொடவ. எங்களுக்கு இன்னா?"

டிரில் மாஸ்டர் கத்தினார். "நான் குடுத்தது வைடு. என் மனசுல ரெண்டு கை."

"மனசுல இருக்கறது ஸ்கோர்ல ஏறாது சார்."

அடிதடி ஆகும் நேரம். அப்போது ஒரு மொபெட் பிட்ச் வரைக்கும் வந்து நின்றது. செய்யாறு பார்ட்டியில் பெண்ணின் தாய்மாமன். புடவை தெருவில் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே துரத்தி வந்திருக்கிறார். "யோவ், எங்க பொடவய எங்கய்யா எடுத்துகினு வந்த?" என்றார்.

"உங்க பொடவையா?" என்றார் அண்ணன். "இன்னும் எடுக்கறதா சொல்லலீங்களே."

"எடுத்தாச்சுய்யா. பொண்ணு அதான் வேணும்னு அழுதுகினு உக்காந்திருக்குது."

"அப்ப நீங்களே வாங்கிக்கங்க."

தாய்மாமன் அம்பயர் கையிலிருந்து புடவையை வாங்கினார். டிரில் மாஸ்டர் விடுபட்ட இரண்டு கைகளையும் ஊரே பார்க்க நீட்டினார். வைட். ஸ்டம்பிங். அவுட். பெரணமல்லூர்க்காரர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தபின் சண்டை போட முடியாதல்லவா. அண்ணன் தாய்மாமன் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்து கடைக்குப் போனார். ஒரே நேரத்தில் ஒரு மேட்ச், ஒரு வியாபாரம்.

ஆரணி முழுக்க ஒரு மாதம் என் ஸ்டம்பிங்கைப் பேசியது. கல்லில் இன்று என் பெயர் இருப்பதற்கு அதுவும் காரணம். அந்தப் பந்தை வெளியே போடச் சொன்னது என் மூளை இல்லை. பில் மட்டும் என் பெயரில்.

இனி தேவிகாபுரம் மேட்ச். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன். அந்த ஃபைனலில் அவர் கடைசிப் பந்தில் சிக்ஸ் கொடுத்தார். தோற்றோம். நனைந்த பந்து, கை வழுக்கியது. அவர் காரணம் சொல்லவில்லை. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கிளப் செய்திகள் எழுதும் கரும்பலகையில், இன்னாரால் தோற்றோம் என்று அவர் பெயரைப் போட்டு எழுதியிருந்தது. எழுதியது யார்? சாக்பீஸ் அப்போதெல்லாம் யார் கையில் இருக்கும்? அவர் கடைக்குப் போகும் வழியில் நின்று படித்தார். டீ குடித்தார். "கையெழுத்து நல்லாருக்குது" என்றார். போய்விட்டார். அடுத்த ஞாயிறு போன் செய்தோம். மெரூன்ல அரக்கு பார்டர் வந்துச்சிங்களா? வந்தார்.

எங்கள் கிளப் அவர் பெயரை எழுதியது அந்த ஒருமுறைதான்.

கல்லைப் பார்த்த அன்றே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், மறுக்க முடிந்தால் மறுங்கள்.

"மச்சான், இன்னான்னு போடறது? விக்கெட்டா, ரன்னா, கேட்ச்சா? எதுலயும் அவரு வரமாட்டாரே. ஒரு ஓவர் போடுவாரு, போயிடுவாரு. அதுக்கு ஒரு பேரு இருக்குதா?"

இருக்கிறது. போன கோடையில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தேன். ஆட்டம் முடியப்போகும் நேரம் மைதானத்தின் தூர மூலையில் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஒரு ஆள் தனியாக உள்ளே வந்தார். ஊரே எழுந்து நின்றது. நானும் நின்றுவிட்டேன்.

"யாரு இவரு? இவ்ளோ நேரம் எங்க இருந்தாரு?"

"அந்த மூலைல ஒரு கொட்டாய் இருக்குது மாமா, அங்கதான் உக்காந்திருப்பாரு. இவருக்கு வேலையே கடைசிலதான். ஜெயிக்கற மேட்ச்ச வாங்கி, கைய விட்டுப் போவாம முடிச்சிக் குடுக்கணும்."

"இவருக்குன்னு எதனா எண்ணுவாங்களா?"

"எண்ணுவாங்களே. சேவ்னு பேரு. காப்பாத்துனதுன்னு அர்த்தம்."

பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை போனில் காட்டினார். போன நூற்றாண்டின் நடுவில் அங்கேயும் நம் கதைதானாம். கடைசியில் வந்து பந்து போடுகிறவர்களை யாரும் மதிக்கவில்லை. ஆரம்பத்தில் போட லாயக்கில்லாதவன், தோள் போனவன் என்று பேச்சு. ஜெயித்த பெயர் முன்னால் போட்டவருக்கு. பிறகு ஒரு பத்திரிகைக்காரர் இது அநியாயம் என்று சொல்லி, இதையும் எண்ண வேண்டும் என்று வழி சொன்னார். எண்ணினார்கள். அதோடு விடவில்லை. பழைய ஆட்டங்களைத் திரும்ப எடுத்து, யார் யார் கடைசியில் காப்பாற்றினார்கள் என்று பார்த்து, ஆடி முடித்து வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கும், செத்துப்போனவர்களுக்கும்கூட அந்தக் கணக்கைக் கொடுத்தார்கள். எந்த வருஷம் யார் முதலிடம் என்று இன்று வரிசையாக இருக்கிறது. அந்த மனிதர்களில் பலருக்கு அப்படி ஒரு வார்த்தை வரப்போவதே ஆடும்போது தெரியாது.

பேர் இல்லை என்று சொன்னீர்களே. அவர்களுக்கும் இல்லை. வைத்தார்கள்.

இதையும் உங்களிடம் போனில் சொன்னேன். "அவரு பெரிய மனுசன் மச்சான், அவருக்கு இதெல்லாம் வேணாம்" என்றீர்கள். கேட்டீர்களா அவரை? நான் கேட்டேன். அவர் இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டது.

"அண்ணா, கேலரில கல்லு வெக்கறாங்க. உங்க பேரு இல்ல" என்றேன்.

"நான் இன்னா கிழிச்சேன், பேரு வர்றதுக்கு" என்றார். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அப்புறம், "தேவிகாபுரம் மேட்ச்ச போட்டிருக்கானா?" என்றார்.

"இல்லண்ணா. தோத்தது எதுவும் போடல."

"சரி."

இத்தனை வருஷம் அந்தக் கரும்பலகையை அவர் சுமந்துகொண்டிருக்கிறார், செயலாளரே. கையெழுத்து நல்லாருக்குது என்று சொன்ன மனிதர்.

"ஃபைனலுக்கு வாங்கண்ணா. ஞாயித்துக்கிழம. ஒம்பதரைக்கு ஆரம்பிக்கறாங்க."

"ஆரம்பிக்கறத யாருப்பா கேட்டது" என்றார். "எத்தினி மணிக்கு முடியும்?"

அஞ்சு மணிக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவர் வருவார். பரிசளிப்புக்கு ஒருநாளும் நிற்காதவர் இந்தமுறை முடியும் நேரத்தைக் கேட்டு வருகிறார்.

கல்லில் நன்கொடையாளர்களுக்குக் கீழே, அடியில், ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நான் விரல் வைத்து அளந்து பார்த்துவிட்டேன். கல் வெட்டுகிறவர் ஒரு பகல் போதும் என்கிறார். கடைசி வரிதான். அவருக்கு அதுதான் பொருத்தம்.

துணியை இழுப்பதற்கு முன் மைக் உங்கள் கையில் இருக்கும். ஊர் இருக்கும். பெரணமல்லூர்க்காரர்களும் வருவார்கள், தேவிகாபுரத்துக்காரர்களும் வருவார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒரு வழுக்கைத் தலை நின்றுகொண்டிருக்கும். நீங்கள் விக்கெட் எடுத்து, நான் ஸ்டம்பிங் செய்து, கிளப் ஜெயித்ததாக வெட்டியிருக்கிறீர்களே, அந்த ஆட்டங்களில் கடைசி ஓவர் போட்டது யார்? மைக்கில் பதில் சொல்லுங்கள். முழுப் பெயர், இனிஷியலோடு.